வாயைத் திறந்தால் பெரட்டு

மலாக்கா என்ற ஊரே ஒரு சருகுமான் விட்ட உதையில் பிறந்ததுதான். 1400ஆம் ஆண்டு வாக்கில், ஆட்சியைப் பறிகொடுத்த பரமேஸ்வரா என்ற இளவரசர் ஆற்றோரம் ஒரு நெல்லி மரத்தடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்தாராம். நாடு போய்விட்டது, வேட்டை நாய் மட்டும் கூடவே வந்துவிட்டது. மூட்டை கட்டும்போது எதை முதலில் எடுத்துவைக்க வேண்டும் என்பது ராஜாக்களுக்கு நன்றாகவே தெரியும். நாய் ஒரு வெள்ளைச் சருகுமானைத் துரத்தி மடக்கியது. நம் முழங்காலைக்கூட எட்டாத பிராணி அது. திரும்பி நின்று ஓர் உதை விட்டது பாருங்கள், நாய் ஆற்றில் கிடந்தது. "சருகுமானுக்கே இவ்வளவு ரோஷமா? அப்படியென்றால் இது லேசுப்பட்ட மண் இல்லை. இங்கேயே ஊரைக் கட்டுங்கள்" என்று உத்தரவாகிவிட்டது. மண் பரிசோதனை கிடையாது, வெள்ளம் வருமா என்ற விசாரணை கிடையாது. பின்னாளில் வந்த வீட்டுமனைத் திட்டங்கள் பலவும் இதே முறையைத்தான் பின்பற்றின.

சருகுமானின் மனசுக்குள் புகுந்து பார்த்தவர் அன்றைக்குப் பரமேஸ்வரா ஒருவர்தான். வீரமும் ரோஷமும் அங்கே இருப்பதாகச் சொன்னவரும் அவரே. இந்த மாதிரி ஆட்களை அடக்குவதற்கென்றே 1894இல் லாயிட் மோர்கன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் ஒரு விதி போட்டார். எளிய காரணம் ஒன்று போதும் என்னும்போது, மிருகத்தின் தலையில் பெரிய அறிவைக் கொண்டுபோய் வைக்காதே என்பது விதி. அவருடைய நாய் வாசல் கேட்டின் தாழ்ப்பாளைத் தானே திறந்துகொண்டு தெருவுக்குப் போகும். பார்த்தவர்கள் எல்லாரும் "என்ன மூளை!" என்றார்கள். மோர்கன் மட்டும், "மூளையாவது ஒன்றாவது, கம்பிக்கு நடுவே தலையை விட்டு விட்டுப் பார்த்ததில் ஒருநாள் தற்செயலாகத் திறந்துகொண்டது, அன்றிலிருந்து பழகிவிட்டது" என்றார். அந்த விதி 1400லேயே அமலில் இருந்திருந்தால், "மூலையில் மாட்டிய பிராணி உதைக்கத்தான் செய்யும், ராஜா" என்று யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்கள். ராஜாவும் நாயைத் தேடிப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் போயிருப்பார். மலாக்காவே இருந்திருக்காது. மாநிலச் சின்னத்தில் இன்றும் இரண்டு சருகுமான்கள் மரத்துக்கு இருபுறமும் விறைப்பாக நிற்கின்றன. நாய்க்கு இடம் கொடுக்கவில்லை.

1511இல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க்கே மலாக்காவைப் பிடிக்க வந்தபோது சுல்தான் மஹ்மூத் ஷா யானைமேல் ஏறிப் போருக்குக் கிளம்பினார். போர்த்துக்கீசியர்கள் யானையை ஈட்டியால் குத்தினார்கள். யானை வந்த வழியே திரும்பி, பின்னால் வந்துகொண்டிருந்த சொந்த ஆட்களையே மிதித்துக்கொண்டு ஓடியது. புத்தகங்களில் இதற்கு மிரட்சி என்று பெயர். அன்றைக்குக் களத்தில் நின்ற அத்தனை பேரிலும், 'இது நமக்குச் சம்பந்தமில்லாத சண்டை' என்று சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் அதுதான் என்பது என் கட்சி.

யானைக்கு அவ்வளவு புத்தி உண்டா என்று கேட்பவர்களுக்கு நம் வீட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களைப் பெஞ்சு பெஞ்சாக உட்காரவைத்தார். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, அதாவது தொட்டால் தெரியும், அதற்குமேல் கேட்காதே. நத்தை ரகத்துக்கு இரண்டு. கறையானும் எறும்பும் மூன்று. நண்டும் தும்பியும் நான்கு. விலங்குக்கு ஐந்து. மனிதனுக்கு ஆறு. பரீட்சை எழுதியவனே விடைத்தாளையும் திருத்தினால் முதல் மார்க்கு யாருக்குப் போகும் என்று சொல்லவா வேண்டும்? ஆனால் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் இதற்கு உரை எழுதியவர் கொஞ்சம் நேர்மையான ஆள். ஆறறிவு விலங்குகளிலும் சிலவற்றுக்கு உண்டு என்ற இடம் வந்ததும் மழுப்பாமல் கிளி, குரங்கு, யானை என்று பெயர் சொல்லிவிட்டார். அந்த உரைகாரரின் பெயர் பேராசிரியர். விலங்கு மனத்தை ஆராய்ந்த தமிழ்ப் பேராசிரியர் யார் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆள் பட்டத்தோடேயே கிடைக்கிறார். மலாக்கா உண்டாவதற்கு முன்பே யானையின் வழக்கில் தீர்ப்பும் சொல்லிவைத்திருந்தார்.

ஐரோப்பாவில் இந்த வேலை மெதுவாக நடந்தது. 1637இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் தத்துவவாதி தெக்கார்த் தம் புத்தகத்தை வெளியிட்டார். மிருகம் என்பது கடவுள் செய்த இயந்திரம். அது பேசுவதில்லை, ஆகவே சிந்திப்பதில்லை. கடிகாரம் மணி காட்டுகிற மாதிரிதான் நாய் வாலாட்டுவதும். புத்தகம் வெளிவந்த மூன்று வருஷத்தில் அதே ஹாலந்துக்காரர்கள் மலாக்காவை முற்றுகையிட்டு, 1641 ஜனவரி 14ஆம் தேதி பிடித்துக்கொண்டார்கள். தத்துவமும் பீரங்கியும் ஒரே நாட்டிலிருந்துதான் கிளம்பின. பீரங்கி சீக்கிரம் வந்து சேர்ந்துவிட்டது.

இந்த ஹாலந்துக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் ஒருவர் ஜாவாவின் பத்தாவியாவில் இருந்தார். யாக்கோப் போந்தியுஸ் என்று பெயர். 1631இல் அங்கேயே இறந்துபோனார். அவர் எழுதிவைத்துவிட்டுப் போன விலங்குக் குறிப்புகள் 1658இல்தான் அச்சாயின. அதில் ஒராங் ஊத்தான் வருகிறது. கூடவே உடம்பெல்லாம் ரோமத்தோடு ஒரு பெண்மணி நிமிர்ந்து நிற்கிற படம். அது வெட்கப்பட்டது, கண்ணீர் விட்டது, பெருமூச்சு விட்டது, பேச்சைத் தவிர மனிதத் தன்மையில் ஒன்றும் குறைவில்லை என்று மனுஷர் உருகுகிறார். பிறகு ஜாவாக்காரர்கள் சொன்னதாக ஒரு சங்கதியைச் சேர்க்கிறார். இந்தக் குரங்குகளுக்குப் பேச வருமாம். வாயைத் திறந்தால் வேலை வாங்கிவிடுவார்களே என்றுதான் மூடிக்கொண்டிருக்கின்றனவாம்.

டாக்டர் இதைக் கேலியாகத்தான் குறித்துவைத்தார். அவர் குறிப்பு அச்சேறுவதற்கு முன்பே கதை கப்பலேறிப் போயிருக்க வேண்டும். ஏனென்றால் 1646இல் ஷானு என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் தெக்கார்த்தும் இதையே சொல்கிறார். எதற்குச் சொல்கிறார் என்பதுதான் வேடிக்கை. புத்தகம் எழுதியதால் வந்த வம்புகளில் மனுஷர் நொந்துபோயிருந்தார். குரங்குகள் வேலைக்குப் பயந்து பேசாமல் இருக்கின்றனவாம், அந்த முன்யோசனை எனக்கு இல்லாமல் போய்விட்டது, எழுதித் தொலைத்தேன், நிம்மதி போயிற்று என்கிற ரீதியில் புலம்புகிறார். மிருகத்துக்குச் சிந்தனை கிடையாது என்று உலகத்துக்கே பாடம் எடுத்தவர், குரங்கின் புத்தி தமக்கு வாய்க்கவில்லையே என்று வருத்தப்படுகிறார். மேல்நாட்டுத் தத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் இதுதான்.

குரங்கின் கணக்கு எவ்வளவு சரி என்பது மலாக்காவில் 1896க்குப் பிறகு தெரிந்தது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ரிட்லி என்று ஒரு துரை. சட்டைப் பையில் ரப்பர் விதையைப் போட்டுக்கொண்டு, எதிர்ப்படும் தோட்டக்காரர் கையிலெல்லாம் திணிப்பார். பைத்தியக்கார ரிட்லி என்றே பெயர். மலாக்காவில் தான் சாய் யான் என்ற சீன முதலாளிதான் அந்தப் பைத்தியத்தை நம்பினார். புக்கிட் லிந்தாங்கில் முதலில் நட்டார், பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காகப் போட்ட முதல் ரப்பர் தோட்டங்களில் அவருடையதும் ஒன்று. அப்புறம் ஜாசின் வட்டாரமெங்கும் ரப்பர் என்கிற கித்தா மரம், கித்தா மரத்தைச் சுற்றி வரிசை வீடுகளாக லயம், லயம் நிறைய நம் ஆட்கள்.

விடிவதற்கு முன் பெரட்டு, அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. போந்தியுஸின் ஒராங் ஊத்தானும் தப்பித் தவறி அந்த வரிசையில் வந்து நின்றிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராணி செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைத் திறக்கிறார்.

"பேரு என்னா?"

பதில் இல்லை.

"எந்த ஊரு? யாரு கங்காணி?"

தலையைச் சொறிகிறது.

"கேட்டா வாயத் தொறக்க மாட்டியா? போ அந்தப் பக்கம்!"

போய்விட்டது. மரத்தில் ஏறிப் பழம் தின்னப் போய்விட்டது. பக்கத்தில் நின்ற நம் ஆள் மரியாதை தெரிந்தவர். "கும்பிடுறேன் சாமி" என்று ஆரம்பித்துப் பெயரைச் சொன்னார், ஜில்லாவைச் சொன்னார், கூட வந்த மச்சானையும் காட்டிக்கொடுத்தார். இருவருக்கும் மரம் வெட்ட நிரை பிரித்துக் கொடுத்தாயிற்று. நூறு வருஷத்துக்குப் பேரன் பேத்திகளுக்கும் சேர்த்து.

மரத்தின் பாடு இதைவிடப் பரவாயில்லை. மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தவரும் ரிட்லிதான். பட்டையை மட்டும் சன்னமாகச் சீவ வேண்டும், உள்ளே இருக்கும் உயிர்த்தோலில் கத்தி படக்கூடாது. அதே வெட்டில் திரும்பத் திரும்பச் சீவினால் மரம் பாலை நிறுத்தாது, கூட்டித்தான் கொடுக்கும். காயத்துக்கு மரம் பதில் சொல்கிறது என்பது தாவர நூல் ஒப்புக்கொண்ட விஷயம். ஓரறிவு என்று தொல்காப்பியர் சொன்னதை ரிட்லி கத்தியோடு வந்து சரிபார்த்துவிட்டுப் போனார் என்று வைத்துக்கொள்ளலாம். கத்தி ஆழமாகப் பட்டுவிட்டால் வேலையை மேற்பார்க்கும் தண்டல் நிரை நிரையாக வந்து காயத்தை எண்ணுவார், திட்டு விழும், மரத்துக்கு மருந்து பூசுவார்கள். வெட்டுகிறவர் கையில் கத்தி பட்டால் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டியதுதான். ஓரறிவுக்கு இருந்த மவுசு ஆறறிவுக்கு இல்லை. அதிலும் தண்டல் வாயில் நம் ஆட்கள் ஆறறிவாக இருந்ததே கிடையாது. "அஞ்சறிவு ஜென்மமே" என்றுதான் நாள் தொடங்கும்.

நாமும் ஒன்றும் யோக்கியம் இல்லை. தோட்டத்து எல்லையில் முனியாண்டி இருப்பார், வருஷத்துக்கு ஒரு தடவை அவருக்குக் கிடா. கிடாவை வெட்டுமுன் அதன் சம்மதத்தைக் கேட்பது நம் வழக்கம்.  மாலையைப் போட்டு, மஞ்சள் தண்ணீரை முதுகிலிருந்து தலைவரை ஊற்றிவிட்டு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கிடா மாலையில் இருக்கும் இலையைக் கடித்துத் தின்றுகொண்டிருக்கும். சட்டென்று உடம்பைச் சிலிர்த்து ஓர் உதறு உதறும். அவ்வளவுதான், "உத்தரவு கொடுத்துருச்சு!" என்று பூசாரி கத்துவார், உறுமி கிளம்பிவிடும். சிலிர்க்காவிட்டால்? இன்னொரு செம்புத் தண்ணீர். அப்போதும் சிலிர்க்காவிட்டால் காதுக்குள் இரண்டு சொட்டு. எந்தக் கிடாவும் கடைசிவரை மறுத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. மோர்கனைக் கேட்டால் நனைந்த தோல் உதறும், அதற்கு மனசு எதற்கு என்பார். தெக்கார்த் இயந்திரம் என்பார். பூசாரி கிடாவுக்கு முடிவெடுக்கும் உரிமையே இருக்கிறது என்பார். மூவரில் விலங்கை அதிகம் மதித்தவர் பூசாரிதான். கறி மூன்று கொள்கையிலும் ஒரே ருசி.

மனம் உண்டா இல்லையா என்ற வழக்கில், கேட்கிறவருக்கு அன்றைக்கு என்ன தேவை என்பதைப் பார்த்தே தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. இதற்குச் சிங்கப்பூர்ப் பூங்காவிலேயே இன்னொரு சாட்சி உண்டு. ரிட்லிக்குப் பின் வந்தவர்களில் கார்னர் என்று ஒரு துணை இயக்குநர். காட்டு மரங்களின் உச்சியில் பூத்திருப்பதைப் பறித்துவர அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. கிளந்தானில் தேங்காய் பறிக்கப் பழக்கிய பெரூக் குரங்குகளை 1937இல் வரவழைத்தார். கீழே நின்று மலாயில் சொன்னால் போதும், மேலே போய்ச் சொன்ன கிளையை ஒடித்துப் போடும். அவை வாயைத் திறக்கவே இல்லை, மூதாதையர் சொன்ன முதல் பாடத்தை மறக்கவில்லை. ஆனால் சொன்னது புரிகிறது என்று காட்டிக்கொண்டுவிட்டன. உடனே அரசாங்க உத்தியோகம். அதில் ஒன்று மட்டும் பின்னாளில் கார்னரின் கையைக் கடித்துக் குதறியது. அந்தக் காயத்தால் ஜப்பான்காரன் வந்தபோது அவரால் தொண்டர் படையில் சேர முடியவில்லை, உயிர் பிழைத்தார். அது நன்றிக்கடனா தொழில் தகராறா என்று மோர்கனின் விதியை வைத்துத் தீர்க்க முடியாது.

சரி, பேசவும் கூடாது, புரிந்ததாகக் காட்டவும் கூடாது. அப்போதாவது தப்பலாமா? 1981இல் அதற்கும் பதில் வந்துவிட்டது. மலாக்கா உட்படப் பல இடங்களில் கித்தாவை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டிருந்த காலம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம் அது. அங்கே தானாகக் காய்த்தது, இங்கே காய்க்க அடம்பிடித்தது. அதனால் மகரந்தத்தை முகப்பவுடர் மாவில் கலந்து பெண்பூவில் கையால் ஊதிவிடும் வேலை தோட்டங்களில் நடந்தது. பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. ஆப்பிரிக்காவில் மட்டும் இதை யார் செய்கிறார்கள் என்று பூச்சியியலாளர் ரஹ்மான் சையது கேமரூனுக்குப் போய்ப் பார்த்தார். சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கூன்வண்டு செய்துகொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து ஜொகூர் குளுவாங்கில் விட்டார்கள். கொஞ்ச நாளில் தீபகற்பம் முழுக்கப் பரவி, கையால் தூவும் வேலையை அடியோடு ஒழித்துவிட்டது. பெண்களை உதிரிப் பழம் பொறுக்க அனுப்பினார்கள். வண்டு பேசவில்லை, உத்தரவு எதையும் காதில் வாங்கவில்லை, தான் வேலை செய்கிறோம் என்பதே அதற்குத் தெரிந்திருக்காது. சம்பளம், லீவு, சங்கச் சந்தா எதுவும் இல்லை. ஜாவாக் குரங்குகளின் கொள்கை இந்த இடத்தில்தான் உடைந்தது.

ஒராங் ஊத்தான் மட்டும் பாட்டன் சொல்லைத் தட்டவில்லை. கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் கிறிஸ்டின் ஆண்ட்ரூஸ். விலங்கு மனம்தான் அவருடைய துறை. அவரும் உளவியலாளர் ஆன் ரஸ்ஸனும் சேர்ந்து 2010இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மனிதரிடம் வளர்ந்து பிறகு போர்னியோ காட்டில் விடப்பட்ட ஒராங் ஊத்தான்களைப் பற்றி இருபது வருஷம் சேர்த்த குறிப்புகளைச் சலித்து, அவை ஊமைநாடகம் ஆடிக் காட்டிய 18 சந்தர்ப்பங்களைப் பொறுக்கி எடுத்திருந்தார்கள்.

அதில் கிக்கான் என்று ஒரு குட்டி. அதன் பாதத்தில் கல் ஏறிவிட்டது. உதவியாளர் பெண் ஒருவர் பென்சில் முனையால் கல்லை நெம்பி எடுத்தார். அத்தி இலைக் காம்பைக் கிள்ளி, அதில் வழிந்த பாலைக் காயத்தில் தொட்டுவைத்தார். கொஞ்ச நாள் கழித்து கிக்கான் அதே பெண்ணிடம் வந்தது. அவர் தன்னைப் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டது. ஓர் இலையைப் பறித்தது, காலைத் தூக்கியது, இலைக் காம்பை அந்தப் பழைய இடத்தில் தொட்டுத் தொட்டுக் காட்டியது. காயம் ஆறிப்போயிருந்தது. கேட்பதற்கு அதற்கு ஒன்றுமில்லை. 'அன்றைக்கு நீ இப்படிச் செய்தாயே' என்பதுதான் சேதி. நடந்ததை நினைவில் வைத்து நடித்துக் காட்டுகிற ஜீவனை என்ன செய்வது என்று தத்துவவாதிகள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் கவனித்தது வேறு. இத்தனையும் சொன்ன கிக்கான் வாயை மட்டும் திறக்கவில்லை. அதற்கு யாரும் வேலை கொடுக்கவும் இல்லை. ஆனால் செம்பனை போடுவதற்காகப் போர்னியோவில் அதன் இனத்தாரின் காட்டை வெட்டி எடுத்துக்கொண்டார்கள், அதற்குப் பேச்சு தேவைப்படவில்லை.

அதே ஆண்ட்ரூஸ் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து 2024 ஏப்ரல் 19ஆம் தேதி நியூயார்க்கில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் உணர்வு உண்டு என்பதற்கு ஆதாரம் பலமாக இருக்கிறது. மீன், பல்லி, தவளை முதலானவற்றுக்கும், கணவாய், நண்டு, பூச்சி போன்றவற்றுக்கும்கூட இருக்க நியாயமான வாய்ப்பு உண்டு. அதைக் கண்டுகொள்ளாமல் முடிவெடுப்பது பொறுப்பற்ற செயல். ஏராளமான பேராசிரியர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நண்டையும் பூச்சியையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்திருப்பதைக் கவனியுங்கள். நம்மாள் நண்டையும் தும்பியையும் உட்காரவைத்த அதே பெஞ்சுதான். அறிவிப்பில் தொல்காப்பியருக்கு ஒரு நன்றிகூட இல்லை.

நண்டுக்கு அதற்கு முன்பே லண்டனில் நல்ல காலம் பிறந்திருந்தது. ஜோனத்தன் பெர்ச் என்ற தத்துவப் பேராசிரியரின் குழு முந்நூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளைப் படித்துவிட்டு, நண்டையும் கணவாயையும் உணர்வுள்ள உயிர்களாகக் கருத வேண்டும் என்று 2021 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. 2022இல் பிரிட்டிஷ் பாராளுமன்றமும் அவற்றைச் சட்டத்தில் சேர்த்துக்கொண்டது. சட்டம் என்ன செய்தது? ஒரு கமிட்டி போட்டது. உயிரோடு கொதிநீரில் போடாதே என்று அதில் ஒரு வரி கிடையாது. மலாக்காவின் உஜோங் பாசிர் கடற்கரைக் கடைகளில் சமைப்பவர்கள் இந்தச் செய்திக்காக அடுப்பை அணைத்துவைக்கவில்லை, லண்டனிலும் யாரும் அணைக்கவில்லை. நண்டுக்கு உத்தரவு கேட்கும் பூசாரியாவது ஒருவரை நியமித்திருக்கலாம்.

அடுத்த தடவை யாராவது உங்களை அஞ்சறிவு ஜென்மம் என்று திட்டினால் கோபப்படாமல் பேராசிரியர் உரையை எடுத்து மரபியலைக் காட்டுங்கள். கிளி, குரங்கு, யானை மூன்றுக்கும் ஆறு என்று கொடுத்திருக்கிறார். தண்டலுக்கு எத்தனை என்று அவர் எங்கும் எழுதவில்லை.